இடத்தைக் கொடுத்தால் அரண்மனை

தஞ்சாவூர் அரண்மனைக்கு வருகிறவர்கள் பலரும் ராஜராஜ சோழனைத் தேடித்தான் வருகிறார்கள். பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு தேடல் இன்னும் தீவிரமாகிவிட்டது. குந்தவை எந்த மாடத்தில் நின்றாள், நந்தினி எந்த வழியாக வந்தாள், சுரங்கப்பாதை எங்கே திறக்கும் என்று காவலாளியைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கிறார்கள். அவரும் மனிதர்தானே. தினம் தினம் மறுத்துச் சொல்லி அலுத்துப்போய், ஏதாவது ஒரு பூட்டிய கதவைக் கைகாட்டிவிடுகிறார். கேட்டவருக்கும் திருப்தி, கதவுக்கும் கௌரவம்.

இந்தக் கட்டடத்தில் எந்தச் சோழனும் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. சோழர் அரண்மனைக்கு என்ன ஆனது என்பதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியனே தன் மெய்க்கீர்த்தியில் சொல்லியிருக்கிறான்: தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினேன். செய்த காரியத்தைக் கல்லில் வெட்டிப் பெயரையும் போட்டுவிட்டுப் போன குற்றவாளி அவன் ஒருவனாகத்தான் இருப்பான். விசாரணைக் கமிஷனுக்கே வேலை வைக்கவில்லை.

இப்போது நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற அரண்மனை, தெலுங்கு பேசிய நாயக்கர்கள் தொடங்கியது, மராத்தி பேசிய போன்ஸ்லேக்கள் நீட்டியது, இங்கிலீஷ் பேசிய கிழக்கிந்தியக் கும்பினிக்காரர்கள் பூட்டி சீல் வைத்தது. தமிழ் பேசியவர்கள் நெல் அளந்தார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் குடித்தனக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்து, வீட்டுக்காரன் யாரென்றே தெரியாமல் போனால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இதன் வரலாறு. அத்தனை பேருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. பெரும்பாலும் யாரோ ஒருவருக்கு உதவி செய்யத்தான் வந்தார்கள். வந்த இடத்தில் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவுதான், திரும்பிப் போகவில்லை. குறுவை, தாளடி, சம்பா என்று ஏதோ ஒன்று வயலில் நின்றுகொண்டே இருக்கிற ஊரை விட்டுவிட்டு, புழுதி பறக்கிற பிஜப்பூருக்கு யார் போவார்?

முதல் குடித்தனம் கல்யாண வழியில் வந்தது. விஜயநகரத்தில் அச்சுததேவராயர் பேரரசர். அவருடைய ராணி திருமலாம்பாவின் தங்கை மூர்த்திமாம்பா. அந்தத் தங்கையைக் கட்டியவர் செவ்வப்ப நாயக்கர். அதாவது பேரரசரின் சகலை. சகலை சும்மா இருந்தால் வீட்டில் நிம்மதி இருக்காது என்பது பேரரசர்களுக்கும் பொருந்தும் விதி. 1532 வாக்கில் தஞ்சாவூர்ச் சீமை அவர் கைக்கு வந்தது. சீராகவே கொடுத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. நாமெல்லாம் கட்டில், பீரோ, மோட்டார் பைக் என்று கேட்கிறோம். செவ்வப்பர் காவிரியின் வாய்க்காலோடு சேர்த்து டெல்டாவையே வாங்கியிருக்கிறார்.

செவ்வப்பர், அச்சுதப்பர், ரகுநாதர் என்று மூன்று தலைமுறை ராஜாக்கள் மாறினாலும் அமைச்சர் கோவிந்த தீட்சிதர் மாறவில்லை. கும்பகோணம் பக்கம் அவர் பெயரில்லாத குளமும் மண்டபமும் குறைவு. ரகுநாத நாயக்கர் பெயரில் ‘சங்கீத சுதா’ என்றொரு இசை நூல் உண்டு. ராஜா எழுதிய புத்தகம், ஊரே பாராட்டியது. தீட்சிதரின் மகன் வேங்கடமகி, பின்னாளில் தன் நூலில், அது எங்கப்பா எழுதியதாக்கும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். முதலாளி பெயரில் எழுதிக் கொடுக்கும் தொழில் தஞ்சாவூரில் எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ரகுநாதர் காலத்தில்தான் டென்மார்க்காரர்கள் வந்தார்கள். ஓவே கியெத்தே என்ற வாலிப அட்மிரல், கண்டி ராஜாவுக்குப் போர்த்துக்கீசியருக்கு எதிராக உதவி செய்யப் பாய்விரித்து ஒன்றரை வருஷம் கடலில் கிடந்து வந்து சேர்ந்தார். அதற்குள் கண்டி ராஜா போர்த்துக்கீசியரோடு சமாதானமாகிவிட்டிருந்தார். உதவி வேண்டாம், போய் வாருங்கள். கொண்டுவந்த உதவியை வீணாக்க முடியாதே. நேரே ரகுநாதரிடம் வந்தார்கள். 1620இல் ஒப்பந்தம் எழுதித் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிக்கொண்டார்கள். டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியனுக்கு ரகுநாதர் அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் எழுதியது. அது இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. இங்கே இருந்திருந்தால் என்றைக்கோ யாரோ மகள் கல்யாணத்துக்கு உருக்கியிருப்பார்கள். எழுத்து மூலம் பேசி முடித்துக் குடிவந்த ஒழுங்கான ஆட்கள் இவர்கள். 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பியும் போனார்கள். வந்தவர்களில் தாமாகக் கிளம்பிப் போனவர்கள் என்ற பெருமை அவர்களுக்கு உண்டு.

ரகுநாதரின் மகன் விஜயராகவர் காலத்தில் குடித்தனம் முறிந்தது. காரணம் பெண் கேட்டது. மதுரை சொக்கநாத நாயக்கர் பெண் கேட்டார், விஜயராகவர் முடியாது என்றார். ஏன் முடியாது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பெண் ஒருத்தியை முன்னமே மதுரைத் திருமலை நாயக்கருக்குக் கொடுத்திருந்தார்களாம். அவர் புதிதாகக் கட்டிய மகாலைப் பெருமையாக அவளுக்குச் சுற்றிக் காட்டினாராம். நம் சினிமாக்காரர்கள் டூயட் எடுக்கிற அதே தூண்கள்தான். அவள் பார்த்துவிட்டு, எங்க அப்பா வீட்டில் குளிக்கிற இடத்துக்குக்கூட இது ஈடாகாது என்றாளாம். திருமலை நாயக்கருக்குக் கட்டடக்கலை விமர்சனம் பிடிக்கவில்லை, கத்தியை எடுத்துவிட்டார். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, பிறந்த வீட்டுப் பெருமை பேசுவது தஞ்சாவூர்ப் பெண்களின் ரத்தத்தில் உண்டு என்று மதுரைக்காரர்கள் இன்றும் சத்தியம் செய்வார்கள்.

1673இல் மதுரைப் படை வந்து கோட்டையை உடைத்தது. கிழவர் விஜயராகவர் மகனையும் அழைத்துக்கொண்டு சண்டைக்குப் போகும்முன், தான் விழுந்தால் அந்தப்புரத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அப்படியே நடந்தது. இந்த ஒரு இடத்தில் கிண்டலுக்கு வழியில்லை. செத்துப்போன பெண்களில் யாரிடமும் யாரும் யோசனை கேட்டதாகத் தெரியவில்லை.

இனிமேல்தான் கதை சூடுபிடிக்கிறது. சொக்கநாதர் தன்னோடு ஒரே தாய்ப்பால் குடித்து வளர்ந்த அழகிரியைத் தஞ்சாவூரில் உட்கார வைத்தார். தம்பி மாதிரி, வசூல் செய்து அனுப்புவான் என்று நினைப்பு. அழகிரி தஞ்சாவூர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் மதுரைக்குப் பணம் போவது நின்றது. அதன் பிறகு போன கடிதங்களில் மரியாதையும் குறைந்தது. சமமான ராஜாவுக்கு எழுதுவதுபோல எழுத ஆரம்பித்துவிட்டார்.

இதற்கிடையில் வெங்கண்ணா என்ற ராயசக்காரர், அதாவது அரண்மனை எழுத்தர், சும்மா இருக்கவில்லை. அரசாங்க ஊழியர் சும்மா இருக்கும்போது நாட்டுக்கு ஆபத்தில்லை, சுறுசுறுப்பாகும்போதுதான். வெடிக்குத் தப்பிய விஜயராகவரின் வாரிசு செங்கமலதாஸ் என்ற சிறுபிள்ளை, செவிலித்தாய் தயவில் நாகப்பட்டினத்தில் ஒரு செட்டியார் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். வெங்கண்ணா அந்தப் பிள்ளையோடு பிஜப்பூர் சுல்தானிடம் போய், அநியாயம் நடந்துவிட்டது, உதவி செய்யுங்கள் என்று முறையிட்டார். சுல்தான் தன் தளபதி ஏகோஜியை அனுப்பினார். சத்ரபதி சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி. ஏகோஜி வந்தார், அழகிரியைத் துரத்தினார், செங்கமலதாஸை அரியணையில் ஏற்றினார். வேலை முடிந்தது. கூலியும் கிடைத்தது. ஆனால் ஊருக்குக் கிளம்பாமல் கும்பகோணத்தில் கூடாரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தஞ்சாவூர்ச் சாப்பாடு.

செங்கமலதாஸ் ஒரே ஒரு தப்புத்தான் செய்தான். பிரதானி உத்தியோகத்தை வெங்கண்ணாவுக்குக் கொடுக்காமல், வளர்த்த செட்டியாருக்குக் கொடுத்துவிட்டான். நன்றியுள்ள பிள்ளை. ஆனால் புரமோஷன் கிடைக்காத குமாஸ்தாவைப் பகைத்துக்கொண்டவன் பிழைத்ததாகச் சரித்திரம் உண்டா? வெங்கண்ணா நேரே கும்பகோணம் போய், ஐயா, இந்தப் பொடியனுக்கு எதற்கு ராஜ்ஜியம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஏகோஜியிடம் சொன்னார். ஏகோஜி முதலில் தயங்கினார். பிறகு தயங்கவில்லை. 1676 வாக்கில் தஞ்சாவூர் மராட்டியர் கைக்குப் போனது. ஒரு ஆபீஸ் பதவி உயர்வுத் தகராறில் கை மாறிய ராஜ்ஜியம் இது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பதை மற்ற ஊர்களில் பழமொழியாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூரில் அது ஆட்சி மாற்றத்துக்கான நடைமுறை.

ஏகோஜி பெட்டியைப் பிரித்து வைப்பதற்குள் அண்ணன் வந்துவிட்டார். 1677இல் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்தபோது, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் முகாம் போட்டுத் தம்பிக்கு ஆள் அனுப்பினார். தம்பியும் பாசமாக வந்தார். விருந்து, உபசாரம், நலம் விசாரிப்பு எல்லாம் முடிந்ததும் அண்ணன் விஷயத்துக்கு வந்தார்: அப்பா ஷாஹாஜியின் சொத்தில் என் பங்கு எங்கே? மொகலாயரையே கலங்கடித்த மனிதர், பாகப்பிரிவினை என்று வந்தால் நம் பெரியப்பாக்கள் மாதிரிதான் பேசியிருக்கிறார். ஏகோஜி பதில் சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூருக்கு ஓடிவிட்டார். கோயில்களில், பாடப்புத்தகங்களில், கட்சிக் கூட்டங்களில் சிவாஜியின் வீரத்தைப் பேசுகிறவர்கள், தம்பியின் இந்த வேகத்தையும் கொஞ்சம் பேசலாம். தஞ்சாவூர் கோர்ட்டில் இன்றைக்கும் நடக்கிற அண்ணன் தம்பி வழக்குகளில் முக்கால்வாசிக்கு மூலப்பத்திரம் திருமழபாடியில்தான் இருக்கிறது.

ஏகோஜிக்குப் பின் ஷாஹஜி 1684இல் பட்டத்துக்கு வந்தார். நாம் பார்க்கிற மராட்டா தர்பார் ஹால், தூண்களும் வளைவுகளும் மேலே வண்ணமுமாக, அவர் காலத்தது. மராத்திக்கார ராஜா தெலுங்கில் நாடகம் எழுதினார், தமிழ் ஜனங்கள் பார்த்துக் கைதட்டினார்கள். மொழிப்பிரச்சினை எதுவும் எழவில்லை. நெல் விளைந்துகொண்டிருந்தது.

1736 முதல் 1739 வரை அரண்மனையில் யார் ராஜா என்று காலையில் எழுந்ததும் விசாரித்துக்கொண்டுதான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு ராஜா, அவர் போனதும் ராணி, அப்புறம் வாரிசு என்று சொல்லிக்கொண்டு வந்த காட்டுராஜா, அப்புறம் இன்னொருவர். ஏற்றுவதும் இறக்குவதும் சையத் என்ற கோட்டைக் காவல் தலைவரின் வேலை. கடைசியில் ஏறிய பிரதாப சிங் முதல் காரியமாகச் சையத்தின் கதையை முடித்தார். அவர் இருபத்து நான்கு வருஷம் ஆண்டதன் ரகசியம் அதுதான்.

அவர் மகன் துளஜாவின் காலத்தில் ஆற்காட்டு நவாப், ஆங்கிலேயப் படையைக் கூட்டிக்கொண்டு 1773இல் தஞ்சாவூரைப் பிடித்தார். நவாபுக்குப் பணம் ஏது? கடன். கடன் கொடுத்தவர்கள் யார்? கும்பினி உத்தியோகஸ்தர்களே. அதில் பால் பென்ஃபீல்ட் என்ற சின்ன அதிகாரி, வருஷத்துக்குச் சில நூறு பவுண்டு சம்பளக்காரர், தஞ்சாவூர் விளைச்சலின் மேல் தனக்கு இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் வரவேண்டியிருக்கிறது என்று கணக்குக் காட்டினார். மிச்சம் பிடித்துச் சேர்த்திருப்பார், காபி செலவைக் குறைத்து. 1776இல் கவர்னர் பிகட், லண்டன் உத்தரவுப்படி தஞ்சாவூரைத் துளஜாவிடமே திருப்பிக் கொடுக்க வந்தார். அப்படியானால் எங்கள் நெல் என்ன ஆவது? சென்னைக் கவுன்சில்காரர்கள் தங்கள் கவர்னரையே கைது செய்துவிட்டார்கள். பிகட் காவலிலேயே 1777இல் செத்துப்போனார். காவிரித் தண்ணீருக்காகச் சிறை போனவர்களை நாம் அறிவோம். காவிரி நெல்லுக்காகச் சிறையில் செத்த வெள்ளைக்காரர் இவர்தான்.

கும்பினியின் உதவி எட்டாத ஊரும் உண்டு. இதே காலத்தில் நேபாளத்தில் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று மல்ல ராஜாக்கள், நேவார் தச்சர்கள் செதுக்கிய ஜன்னல்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, கூப்பிடு தூரத்தில் ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். காத்மாண்டு ராஜா 1767இல் கும்பினியை உதவிக்கு அழைத்தார். கின்லாக் என்ற கேப்டன் கிளம்பினார். மழையும் காய்ச்சலும் அடித்து வழியிலேயே திரும்பிவிட்டார். கூர்க்கா ராஜா வந்து மூன்றையும் அள்ளிக்கொண்டார். எப்படியும் வீடு போனதுதான். ஆனாலும் கும்பினி வந்து சேரவில்லையே என்று அவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். தஞ்சாவூருக்கு மலை கிடையாது. கொசு உண்டு, போதவில்லை.

துளஜா சாகும்போது சரபோஜி என்ற பத்து வயதுப் பையனைச் சுவீகாரம் எடுத்திருந்தார். சுவீகாரம் செல்லுமா என்று கும்பினி பண்டிதர்களைக் கேட்டது. செல்லாது என்றார்கள். சித்தப்பா அமர் சிங் ராஜாவானார். சில வருஷம் கழித்து, ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் சரபோஜிக்காக வாதாட, மறுபடியும் பண்டிதர்களைக் கேட்டார்கள். செல்லும் என்றார்கள். சாஸ்திரம் அதேதான். 1798இல் சரபோஜி ராஜாவானார். அடுத்த வருஷமே உதவிக்குரிய பில் வந்தது: சீமை முழுக்கக் கும்பினிக்கு, ராஜாவுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகன், நிகர வரியில் ஐந்தில் ஒரு பங்கு, கோட்டை, அரண்மனை.

வேலை இல்லை, சம்பளம் உண்டு. இப்படி ஒரு உத்தியோகம் கிடைத்தால் நாம் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். சரபோஜி புத்தகம் வாங்கினார். வாங்கியதில் இங்கிலீஷில் கையெழுத்தும் போட்டுவைத்தார், இரவல் போனால் திரும்பி வராது என்ற அனுபவம் போலிருக்கிறது. நாயக்கர் காலத்து ஏட்டுச் சேர்க்கையைச் சரஸ்வதி மகால் நூலகமாக வளர்த்தார். தேவநாகரி எழுத்தில் அச்சகம் வைத்தார். தன்வந்திரி மகாலில் கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை நடந்தது. அவர்களின் கண்களைப் படம் வரைந்து, நோய்க் குறிப்பும் எழுதிவைத்தார்கள். பெரிய கோயில் சுவரில், 1803இல், போன்ஸ்லே வம்சத்தின் முழு வரலாற்றையும் மராத்தியில் வெட்டினார். ராஜராஜன் யார் யாருக்கு எவ்வளவு நெல் என்று எழுதிய சுவரில், இவர் தாத்தா யார், கொள்ளுத்தாத்தா யார் என்று எழுதியிருக்கிறார். அளந்து கொடுக்க இவரிடம் நெல் இல்லையே.

நெப்போலியனை ஆங்கிலேயர் தோற்கடித்ததும், பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் 1814, 15 வாக்கில் மனோரா என்று எட்டடுக்குக் கோபுரம் கட்டினார். தன் நாட்டைப் பிடுங்கியவன் இன்னொருவன் நாட்டில் ஜெயித்ததற்கு, தன் செலவில் வெற்றித்தூண். வீட்டுக்காரர் மகன் பரீட்சையில் பாஸானதற்குக் குடியிருப்பவர் லட்டு விநியோகிப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். காலி செய்யச் சொல்லாமல் இருக்க வேண்டுமே.

ஆனால் சொல்லிவிட்டார்கள். சரபோஜியின் மகன் சிவாஜி 1855இல் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பினி அதிகாரி ஃபோர்ப்ஸ் அடுத்த வருஷம் சிப்பாய்களோடு வந்து அரண்மனைக்குப் பூட்டுப் போட்டுச் சீல் வைத்தார். நாடு போனது சரி, நகையும் நிலமும் எங்கள் சொந்தச் சொத்தாயிற்றே என்று மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். அந்தப்புரத்திலிருந்து கும்பினியின் மேல் கேஸ்! சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தும் விட்டார். கும்பினி லண்டன் ப்ரிவி கவுன்சிலுக்கு அப்பீல் போனது. 1859இல் தீர்ப்பு வந்தது. நடந்ததில் நியாயம் இருக்கிறதா என்பதில் நீதிபதிகளுக்கே திருப்தியில்லை. ஆனால் இது அரசுச் செயல், கோர்ட்டுக்கு இதில் அதிகாரமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திருட்டு பெரிதானால் அதற்குப் பெயர் வேறு. 1862இல் சொத்துகளைச் சர்க்காரே ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது. சர்க்காரோடு சண்டை முடிந்ததும் ராணிகள் தங்களுக்குள் வழக்காட ஆரம்பித்தார்கள். ஏகோஜியின் மருமகள்கள் அல்லவா.

நூலகம் 1918இல் பொதுமக்களுக்கு வந்தது. நாயக்கர் தர்பாரில் 1951இல் கலைக்கூடம் திறந்து, டெல்டாவின் வயல்களிலும் கோயில் மண்ணுக்குள்ளும் கிடைத்த வெண்கலச் சிலைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர், மாட்டின் மேல் சாய்வதற்காக வளைத்த கையோடு, மாடு இல்லாமல் நிற்கிறார். ஆக, சோழர்களும் கடைசியில் இந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள், மராட்டியருக்கும் பின்னால். காவலாளி இனிமேல் பூட்டிய கதவைக் காட்டாமல் இதைக் காட்டலாம். மாடியில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடும் இருக்கிறது. 1955இல் தரங்கம்பாடிப் பக்கம் கரை ஒதுங்கியது. இவ்வளவு வரலாற்றுக்குப் பிறகு அது எப்படி மாடிக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. உதவி செய்ய வந்திருக்கும்.

நீங்கள் போனால், பெரிய கோயிலிலேயே கால் வலித்துப்போய் அரண்மனையை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். முதலில் சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்துக்குப் போங்கள். சீனத் தண்டனைகளைப் பற்றிய படங்களைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டாம். அதே கூடத்தில் சார்ல் லெ ப்ருன் என்ற பிரெஞ்சு ஓவியரின் படங்கள் இருக்கின்றன: மனித முகமும் அதன் சாயலில் உள்ள மிருக முகமும் பக்கத்தில் பக்கத்தில். ஆந்தை, ஒட்டகம், ஆடு என்று வரிசையாக. அந்தப் படங்களுக்கு முன்னால் மட்டும் மாமனார் வீட்டாரோடு போய் நிற்காதீர்கள்.